கீழ்வீட்டுப் பிரிண்டர்

மறுபடியும் அதே பெட்டி. மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஒரு ஆச்சரியக்குறி, பக்கத்தில் 'பிரிண்டர் ஆஃப்லைன்'. ஆஃப்லைனாவது ஒன்றாவது. கீழ்வீட்டு ஹாலில் கம்ப்யூட்டர் மேசை மேல் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, காலையில் குப்பை வண்டிக்கு வாளியை வைக்கப் போனபோது ஜன்னல் வழியாக என் கண்ணாலேயே பார்த்தேன். மேலே நான், கீழே அது, நடுவில் பதினெட்டுப் படி. இந்தப் பதினெட்டுப் படியைத் தாண்டி மூன்று பக்கம் போகவேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். பயோடேட்டா இரண்டு காப்பி, நேற்று ராத்திரி ஒரு கல்லூரியிலிருந்து மெயிலில் வந்த இன்டர்வியூ அழைப்புக் கடிதம் ஒன்று. 'அச்சிட்ட நகல்களுடன் காலை பதினோரு மணிக்கு நேரில் வரவும்.' இப்போது எட்டு நாற்பது. காந்திபுரம் பஸ் ஒன்பது நாற்பதுக்கு. முக்குக்கடை ஜெராக்ஸ்காரர் பத்து மணிக்கு முன்னால் ஷட்டரைத் தூக்கியதாகச் சரித்திரமே இல்லை. கல்லூரிப் பக்கத்தில் கடை இருக்கும், இருக்காமலும் போகும், இருந்து கரண்ட் இல்லாமல் போகும், நான் அந்த வெயிலில் பட்டுக்கரை போட்ட காட்டன் சேலையோடு கடை கடையாக ஏறி இறங்கி, முகமெல்லாம் வழிந்து, கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட் வேலைக்கு வந்திருக்கிறேன் என்று மூச்சு வாங்கச் சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டு வயதில். வேண்டாம். குக்கர் விசில் அடிக்கிறது, இது மூன்றாவதா நாலாவதா, எண்ணவில்லை, பருப்பு குழைந்தால் குழையட்டும். மறுபடியும் அழுத்துகிறேன். ஆஃப்லைன்.

கம்ப்யூட்டர் பேரை நேரே அடித்துப் பார்க்கலாம். இரண்டு சாய்வுக்கோடு, அப்புறம் தாரணி, அப்புறம் ஒரு சின்னக் கோடு, அப்புறம் பிசி. பையன் சென்னைக்கு வேலைக்குப் போகும் முன் இந்தப் பழைய லேப்டாப்பை என்னிடம் விட்டுவிட்டு, ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். பச்சை வட்டம் சுற்றுகிறது. சுற்றட்டும். சுற்றிச் சுற்றி என்ன சொல்கிறது பார், 'அணுக முடியவில்லை, பெயரின் எழுத்துகளைச் சரிபார்க்கவும்.' பெயரைச் சரிபார்க்க வேண்டுமாம். பதினோரு வருடமாக இந்த வீட்டில் என் ஓரகத்தியாக இருக்கிறவளின் பெயர் எனக்குத் தெரியாதா. டி-க்குப் பக்கத்தில் ஒரு ஹெச் போட்டும் அடித்தேன், போடாமலும் அடித்தேன், கடைசியில் ஐ-யா ஒய்-யா என்றுகூடச் சந்தேகம் வந்து அவள் கல்யாணப் பத்திரிகையை நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். 'சிக்கலைக் கண்டுபிடி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினால் ஐந்து நிமிடம் முக்கி முனகிவிட்டு 'சிக்கல் எதுவும் இல்லை' என்கிறது. அப்படியா. சிக்கல் இல்லையாம். இதைச் செய்தவனை ஒருநாள் எங்கள் வீட்டில் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். போன மாதம் வரைக்கும் நன்றாகத்தான் வேலை செய்தது. செவ்வாய்க்கிழமை கொழுந்தனார் புது வைஃபை பெட்டி வாங்கி மாட்டினார், பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி இவரிடம் கொடுத்தனுப்பினார், முன்பெல்லாம் அவரே படியேறி வந்து போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டுப் போவார். நெட் வந்தது. பிரிண்டர் வரவில்லை. நெட் கொடுக்கவில்லை என்றால் அண்ணன் கேட்பார், பிரிண்டரை யார் கேட்கப் போகிறார்கள், மேலே இருக்கிறவளுக்கு எதற்குப் பிரிண்டர். இதெல்லாம் தானாக நடக்குமா? யாரோ ஒரு இடத்தில் ஒரு டிக்கை எடுத்துவிட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. கம்ப்யூட்டர் வேலைதானே அவள் வேலையே, அவளுக்கு ஒரு டிக்கை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்.

அந்தப் பொள்ளாச்சிக் கிரகப்பிரவேசத்துக்குப் போகாமலே இருந்திருக்கலாம். பந்தியில் என் இலைக்கு நேரெதிர் இலையில் அவள். இவருடைய சித்தி மகள் கேட்டாள், நீ பகலெல்லாம் மீட்டிங் மீட்டிங்குன்னு உக்காந்திருக்கியே, பொண்ண யாரு பாக்கறா என்று. தாரணி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, 'மேல அக்கா சும்மாதான இருக்காங்க, அவங்க பாத்துக்கறாங்க' என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என்னைப் பார்த்தே சொன்னாள், நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், அதுதான் இன்றைக்கும் ஆறமாட்டேன் என்கிறது, நான் ஏன் சிரித்தேன். அந்த நேரத்தில் ஒன்று சொல்லியிருக்கலாம். என்ன சொல்லியிருக்கலாம் என்று பதினாறு நாளாக விதவிதமாக யோசித்து வைத்திருக்கிறேன், பாத்திரம் தேய்க்கும்போது ஒன்று, துணி மடிக்கும்போது ஒன்று, எல்லாமே அருமையான பதில்கள், எதுவும் அன்றைக்கு வரவில்லை. பாயசம் வந்தது, குடித்தேன். அன்றிலிருந்து நான் கீழ்வீட்டுக்குள் போவதில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதே ஒரு பதில்தானே. ஆனால் மிதுனா மட்டும் பள்ளிக்கூடம் விட்டதும், வேனிலிருந்து நான் இறக்கிக் கூட்டிவர, நேராக மேலேதான் வருகிறாள், ஷூவை ஒன்று வாசலில் ஒன்று சோபா அடியில் எறிந்துவிட்டு, பெரியம்மா, இன்னைக்கு என்ன இருக்குது என்று. ஆறு வயதுக் குழந்தை. அதனிடம் போய் என்ன கோபம். அவளுக்குத் தோசை ஊற்றுவேன், எழுத வைப்பேன், ஆறரைக்கு அவள் அம்மா போனில் ஒரு மெசேஜ் போடுவாள், 'மிது அனுப்பிடுங்க அக்கா', நான் அனுப்பிவிடுவேன். மெசேஜில் ஒரு கும்பிடு பொம்மை வேறு. அந்தக் கும்பிடு பொம்மையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மணி எட்டு ஐம்பத்தைந்து. அடுப்பை அணைத்தாயிற்று. பயோடேட்டாவைத் திறந்து பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், திறந்துவிட்டேன். அம்சவேணி துரைசாமி. பி.எஸ்ஸி. வேதியியல், முதல் வகுப்பு. 1998 முதல் 2003 வரை, திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் உதவியாளர். அதோடு சரி. அதற்கடியில் வெள்ளையாக இருக்கிறது. அந்த வெள்ளை இடத்தில் கர்சர் ஒரு கோடாக நின்று மினுக்கிக்கொண்டிருக்கிறது, சொல்லு, சொல்லு, அப்புறம் என்ன செய்தாய். இருபத்திரண்டு வருடம். சாயப்பட்டறை லேபில் நான் கலர் பார்ப்பேன். ஆர்டர் கொடுக்கிற பார்ட்டியின் துணித்துண்டையும் நாங்கள் சாயம் ஏற்றிய துண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இதில் சிவப்பு ஒரு சொட்டு அதிகம், இதில் நீலம் போதாது என்று சொன்னால் மேனேஜர் மறுபேச்சு பேசமாட்டார். அந்த அசெட்டிக் ஆசிட் வாசனை சேலையிலேயே இருக்கும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், எனக்கு அது பிடிக்கும். அந்தக் கண் இப்போதும் இருக்கிறதா? தெரியவில்லை. கடையில் பிளவுஸ் பிட் எடுக்கும்போது மட்டும் தெரிகிறது. அத்தை படுக்கையில் கிடந்த ஐந்து வருடத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது. காலையில் சர்க்கரை அளவு, இன்சுலின், புண்ணுக்குக் கட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்தேன், டாக்டரே அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். அதை அனுபவம் என்று போடலாமா. போட்டால் சிரிப்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் இருக்கிறவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, இத்தனை வருஷம் என்னம்மா பண்ணீங்க என்று கேட்பார். அப்போது என் வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது. சும்மாதாங்க இருந்தேன். பழக்கத்தில் வந்துவிடும். அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம்கூட. கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாமல் இந்தச் சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிடலாம். தெரிந்துவிட்டால் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார்கள், என்னாச்சு அம்சவேணி, அந்தக் காலேஜ் வேலை.

போனில் ஒரு வீடியோ கிடைத்தது. தாடி வைத்த ஒரு பையன், ஹாய் மக்களே என்று ஆரம்பித்து, சேனலைப் பிடித்திருந்தால் லைக் போடுங்கள் என்று ஒன்றரை நிமிடம். பிடிக்கவில்லை தம்பி, சீக்கிரம் சொல். அவன் சொன்னபடி சிக்கிக்கிடந்த பழைய பிரிண்ட்களையெல்லாம் அழித்தேன், பதினொன்று இருந்தது, பதினோரு தடவை அழுத்தியிருக்கிறேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். அது எழுந்து வருவதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது. பிறகு அவன் சொன்னான், புது ரூட்டர் மாத்தினவங்க கவனிங்க, கம்ப்யூட்டர் அந்தப் புது நெட்வொர்க்க பப்ளிக்னு எடுத்துக்கும், அதாவது பஸ் ஸ்டாண்டு, ஹோட்டல் மாதிரி ஊர்ப்பட்டவங்க வர்ற இடம்னு நெனச்சு எல்லாத்தையும் மூடிக்கும், அத பிரைவேட்னு மாத்தணும். மாற்றினேன். மறுபடியும் அழுத்தினேன். ஆஃப்லைன். வீடியோவில் அவன் சிரித்தபடியே, இது ரெண்டு கம்ப்யூட்டர்லயும் பண்ணணும் மக்களே, முக்கியமா பிரிண்டர் மாட்டியிருக்கற கம்ப்யூட்டர்ல, என்றான். அப்படியானால் யாரும் டிக்கை எடுக்கவில்லையா. பதினாறு நாள் கணக்கில் இதையும் சேர்த்து, செவ்வாய்க்கிழமையிலிருந்து தினமும் நான் அவளைத் திட்டியதெல்லாம் வீண்தானா. சரி, பந்தியில் சொன்னது சொன்னதுதான், அது கம்ப்யூட்டர் பண்ணவில்லை. ஒன்பது பதினைந்து. ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை அவளுக்குத் தினமும் மீட்டிங், உள்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு. ஹாலில் இருக்கிற கம்ப்யூட்டரை இரவும் பகலும் யாரும் அணைப்பதில்லை. பக்கவாசல் சும்மா சாத்தித்தான் இருக்கும். லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, திருடப் போவதுபோல் செருப்புப் போடாமல் இறங்கினேன்.

பதினாறு நாளில் அந்த ஹாலில் ஒன்றும் மாறவில்லை. சோபாவில் துவைத்த துணி மலையாகக் கிடந்தது, மிதுனாவின் சீருடை தலைகீழாக. உள்ரூமிலிருந்து தாரணியின் இங்கிலீஷ் கேட்டது, வீட்டில் பேசுகிற குரலே இல்லை, அது வேறொரு பெண்ணின் குரல், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுகிறேன், கண்டிப்பாக முடித்துவிடுகிறேன் என்று. நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். செட்டிங்ஸ். நெட்வொர்க். என் விரலுக்கு வழி தெரிந்துவிட்டது. பப்ளிக் என்றுதான் இருந்தது. இந்த வீட்டைப் பஸ் ஸ்டாண்டு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, மடப் பெட்டி. பிரைவேட் என்று மாற்றி, பகிரலாம் என்பதில் ஒரு டிக் வைத்து, என் லேப்டாப்பை மடியில் திறந்து அழுத்தினேன். பிரிண்டர் ஒருதரம் உடம்பைக் குலுக்கிக்கொண்டது. கர் கர் என்று அது போட்ட சத்தம் இருக்கிறதே, நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும். உள்ரூம் கதவு திறந்தது.

காதில் ஹெட்செட்டோடு தாரணி நின்றாள். மேலே ஆபீஸ் சட்டை, கீழே நைட் பேன்ட். கையால் மைக்கைப் பொத்திக்கொண்டாள், அப்புறம் நினைவு வந்ததுபோல் ஒரு பொத்தானை அமுக்கினாள்.

"என்னங்க்கா, இங்க வந்து உக்காந்துட்டீங்க?"

"பிரிண்டர் மேல வரல. இங்க ஒண்ணு மாத்த வேண்டியிருந்துச்சு. மாத்திட்டேன்."

"சொல்லியிருந்தா நானே பண்ணியிருப்பனே."

முதல் தாள் வெளியே வந்து விழுந்தது. எழுந்து எடுப்பதற்குள், அவள் பக்கத்தில் நின்றதால், கை போன போக்கில் எடுத்துவிட்டாள். படித்தாள். நான் அவள் கண் வரி வரியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயர், படிப்பு, சாயப்பட்டறை, வெள்ளை.

"இன்டர்வியூவாக்கா?"

"ம்."

"எப்ப?"

"இன்னைக்குத்தான். பதினோரு மணிக்கு. ஒரு காலேஜ் லேப்ல."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"சாயந்திரம் சொல்லிக்கலாம்னு இருக்கேன்."

"தெனமும் போகணுமா?"

"வேலைன்னா தெனமும்தான் போகணும். ஒம்போதரைலருந்து அஞ்சு வரைக்கும்."

அவள் தாளைப் பிடித்தபடியே நின்றாள். ஹெட்செட்டில் யாரோ எறும்பு பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், இந்த வயதில் எதற்குங்க்கா என்பாள், சம்பளம் எவ்வளவு என்பாள், எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது, படியிறங்கும்போதே தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப மிது?"

எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. வாழ்த்துச் சொல்ல வேண்டாம், போய்ட்டு வாங்க என்று ஒரு வார்த்தை. அப்ப மிது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் வெளுத்திருந்தது, கட்டைவிரல் நகம் பல்லில் இருந்தது, கண்ணுக்குக் கீழே நான் இதுவரை பார்க்காத கருவளையம். அவள் வக்கணையாகக் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்டாள். உடனே என் நாக்கில் அது வந்துவிட்டது, வந்து முன்பல்லைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அதெல்லாம் பாத்துக்கலாம் விடு, நான் பெர்மிஷன் கேட்டு மூணு மணிக்கே வந்துடறேன். இன்னும் வேலையே கிடைக்கவில்லை, அதற்குள் பெர்மிஷன். இருபத்திரண்டு வருடமாக யார் முகம் வாடினாலும் இந்த வாக்கியம் என்னைக் கேட்காமலே வெளியே வந்துவிடும். உதட்டை இறுக மூடிக்கொண்டேன். பிரிண்டர் இரண்டாவது தாளை இழுத்தது, விட்டது. மூன்றாவது தாளை இழுத்தது.

தாரணிதான் பேசினாள். தாளைத் திரும்பவும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "அக்கா, போன் நம்பர்ல ஒரு நம்பர் கொறையுது" என்றாள்.

"எங்க?"

"ஒம்பதுதான் இருக்குது பாருங்க. இப்படியே குடுத்தீங்கன்னா வேலை கெடச்சாக்கூட அவங்களால கூப்பிட முடியாது."

எண்ணினேன். ஒன்பதுதான். மூன்று நாளாகத் தினமும் திறந்து திறந்து பார்த்தேனே, அந்த வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டு இதைப் பார்க்கவில்லை. எண்ணைச் சேர்த்துவிட்டு மறுபடியும் அழுத்தினேன். இந்த முறை ஆஃப்லைன் என்று சொல்லவில்லை. அவள் தவறான தாள்களை நாலாக மடித்துத் தன் பேன்ட் பையில் வைத்துக்கொண்டாள், அதை ஏன் வைத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை. சூடான புதுத் தாள்களை அவள் அலமாரியிலிருந்து எடுத்துக்கொடுத்த பிளாஸ்டிக் கவரில் போட்டேன். ஹெட்செட்டில் யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், இரண்டு தடவை.

"போங்க்கா, டைமாச்சு," என்றாள். "மிதுவுக்கு ஏதாச்சும் பண்ணிக்கறேன்." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு பொத்தானை அமுக்கி இங்கிலீஷுக்குப் போய்விட்டாள். சாரி, சாரி, ஐ ஆம் ஹியர்.

லேப்டாப்பை மேலே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். சேலையோடு ஓடி எத்தனை வருடம் ஆயிற்று. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு நிறுத்தினார். ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்தது. உட்கார்ந்த பிறகும் எரிச்சல் போகவில்லை, யார் மேல் என்றுதான் தெரியவில்லை, அந்தத் தாடிப் பையன் மேலா, பெட்டி மேலா, அப்ப மிது என்று கேட்டவள் மேலா, வாயை மூடிக்கொண்டு வருவதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருந்த என் மேலா. கவரைத் திறந்து பார்த்தேன். பத்து எண்ணும் இருந்தது. லாலி ரோடு சிக்னலில் பஸ் நின்றபோது கைப்பையில் போன் அதிர்ந்தது. தாரணி. கும்பிடு பொம்மை இல்லை. 'அக்கா, மிது வேன் எத்தனை மணிக்கு வரும்? எங்க நிக்கும்?'

நாலு தடவை படித்தேன். ஒன்றாம் வகுப்பு சேர்த்த நாளிலிருந்து அந்த வேன் வருகிறது. பெற்றவளுக்கு அது நிற்கிற இடம் தெரியாது. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்கூடைக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். சிக்னல் விழுந்தது. பஸ் குலுங்கக் குலுங்க ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். 'மூணு இருபது. பேக்கரிக்கு எதிர்ப்பக்கம், நம்ம பக்கம் நிக்காது, நீதான் ரோட்டத் தாண்டிப் போகணும். கைய விட்டுட்டு ஓடுவா, கெட்டியாப் புடிச்சுக்க. தண்ணி பாட்டில வேன்லயே விட்டுடுவா, கேட்டு வாங்கு.' அனுப்பிவிட்டுப் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன், கவரை மடியில் வைத்துக்கொண்டேன்.